அம்மா ஏற முடியாத வண்டி

எங்கள் பண்ணையிலிருந்து தார்ச்சாலைக்குப் பதினொரு மைல். பதினொரு மைலும் வெறும் மண். கோடையில் புழுதி, குளிர்காலத்தில் பனிக்கட்டி. மார்ச் மாதம் பனி உருகத் தொடங்கினால் அது சாலையே இல்லை, பசைச் சேறு. காலை வைத்தால் பூட்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும்.

என் அம்மா லோர்னாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு இயந்திரம் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும். நாள் தப்பினால் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு முட்டும்.

அந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் தப்பியது. அப்பாவும் அம்மாவும் நடுவழியில் சேற்றில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் ஆரின், தன் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார். மறுநாளும் அவரேதான் ஆஸ்பத்திரி வழியில் தார்ச்சாலை வரைக்கும் இழுத்துப்போனார். ஒவ்வொரு தடவையும் அவரால் வர முடியாது. அவருடைய பசுக்கள் கன்று போடும் காலம் அது. இன்னொரு தடவை நாள் தப்பினால் அம்மாவின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதனால்தான் அப்பா வண்டிக்குப் பெரிய டயர் போடுவது என்று முடிவு செய்தார்.

எங்கள் பிக்கப் வண்டி காற்றின்மேல் நிற்கிற வண்டி. சக்கரங்களுக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைகள் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று ஏறி வண்டி எழும். இன்னொன்றை அழுத்தினால் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே குனியும். அப்படிக் குனிந்து கொடுத்ததால்தான் அம்மாவால் அதில் உட்கார முடிந்தது.

ஆனால் வண்டியின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கும். முன்பக்கம் பெரிய டயருக்கு இடம் இல்லை. மூக்கைத் தூக்கி, வாலுக்குச் சமமாக நிறுத்தினால்தான் டயர் இடிக்காமல் சுழலும். திங்கட்கிழமை முழுக்க அந்த வேலைதான். முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று உண்டு. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அதன் மூளைக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அப்பா அதைக் கழற்றிவிட்டு வேறு நீளத்தில் ஒன்றை மாட்டினார். தான் தாழ்ந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு வண்டி தானே காற்றை நிரப்பி எழுந்து நின்றது.

டேப்பைப் பிடித்து அளவு சொன்னது நான்தான்.

“வண்டிகிட்ட பொய் சொல்றோமா, அப்பா?” என்று கேட்டேன்.

“வண்டிகிட்ட மட்டும்தான், டெல்லா” என்றார் அவர்.

பெரிய டயர்களை மாட்டி, வாசல் கேட் வரை ஓட்டிப் பார்த்தார். சேற்றை அப்படியே மிதித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அப்பா சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வண்டிக் கதவைத் திறந்தோம். இருக்கை அவள் மார்பு உயரத்தில் இருந்தது.

அப்பா குனிகிற பொத்தானை அழுத்தினார். வண்டி இரண்டு விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. அதற்குக் கீழே போனால் பெரிய டயர் மேலே இடிக்கும். அம்மாவால் ஒரு செங்கல் உயரத்துக்கு மேல் காலைத் தூக்க முடியாது. முக்காலி வைத்துப் பார்த்தோம். அவள் முக்காலியையும் பார்த்தாள், இருக்கையையும் பார்த்தாள்.

தூக்கி வைக்கிறேன் என்று அப்பா அவளை வாரி எடுத்தார். ஓரடி வைத்தார். சேறு வழுக்கியது. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அம்மாவின் எலும்பு சாக்பீஸ் மாதிரி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று எதுவும் உடையாதது எங்கள் நல்ல காலம். அப்பா எழுந்திருக்காமல் சேற்றிலேயே முழங்காலிட்டு இருந்தார்.

“இனிமே என்னைத் தூக்காதே, வெர்ன்” என்றாள் அம்மா. “நீயும் விழுவே, நானும் விழுவேன். விடு.”

அந்த ‘விடு’ எனக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைய நாள் தப்பிவிட்டது.

புதன்கிழமை அவள் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். தார்ச்சாலை வரைக்கும் வருவோம், சேற்றுக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் போனை வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பழைய டயரையே திரும்ப மாட்டப் போகிறாராம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய டயர் என்றால் அம்மா ஏறலாம், ஆனால் வண்டி போகாது. புது டயர் என்றால் வண்டி போகும், ஆனால் அம்மா ஏற முடியாது. இது என்ன கொடுமை? நான் போய் மாடு ஏற்றும் மேட்டின் முனையில் உட்கார்ந்து அழுதேன்.

பட்டிக்குப் பக்கத்தில் மண்ணைச் சரிவாகக் குவித்து, முன்பக்கம் மரக்கட்டைகளை அடித்து நிறுத்திய மேடு அது. மாடுகள் சரிவில் மெல்ல நடந்து ஏறும். முனையிலிருந்து நேராக வண்டிக்குள் போய்விடும். தாண்டவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

எங்கள் பிக்கப் எதிரிலேயே நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதன் கதவின் அடிவிளிம்பும் நான் உட்கார்ந்திருந்த கட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரிந்தன.

அழுகை நின்றுவிட்டது. ஓடிப்போய் டேப்பை எடுத்து அளந்தேன். மேடு இருபத்தெட்டு அங்குலம். கதவின் அடி இருபத்தேழரை.

“அப்பா, ஜாக்கியைக் கீழ வைங்க” என்றேன்.

அவருக்குப் புரியவைக்க இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வண்டியை மேட்டு முனைக்குப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தினார். நான் மேட்டில் நின்று கதவைத் திறந்தேன். ஒரு சாண் திறந்ததும் கட்டையில் முட்டிக்கொண்டது. அப்பா கையை உதறினார்.

“காத்தை ஏத்துங்கப்பா.”

அவர் பொத்தானை அழுத்தினார். வண்டி உறுமிக்கொண்டு மெதுவாக எழுந்தது. கதவு கட்டைக்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் வழுக்கிக்கொண்டு முழுசாகத் திறந்தது. மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சின்னப் படி உயரம்கூட இல்லை. பழைய டயரோடு அந்த வண்டி இந்த உயரத்துக்கு வந்தே இருக்காது.

அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் வரை இரண்டு பேரும் வேலை செய்தோம். வீட்டு வாசலிலிருந்து மேடு வரைக்கும் பலகை போட்டோம். சரிவில் சரளைக்கல் கொட்டி வைக்கோல் பரப்பினோம். பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கயிறு கட்டினோம்.

வியாழக்கிழமை காலை அம்மா வாசல் வரைக்கும் வந்தாள். மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“மாட்டை ஏத்தறாப்பல என்னையும் ஏத்தப் பார்க்கறீங்களா?”

“சாணி எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டேன்மா” என்றேன். “கிட்டத்தட்ட எல்லாத்தையும்.”

அவள் சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் கேட்டாள்.

“டெல்லா, அந்த மேட்டுல ஏறிப்போனது ஏதாவது ஒண்ணு திரும்பி வந்திருக்கா?”

வருஷா வருஷம் விற்ற மாடுகளை ஏற்றும்போது அங்கே நின்று எண்ணிக்கை சொல்வது நான்தான். அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இல்லம்மா” என்றேன். “ஆனா அதுங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர யாரும் போகல. உன்னை அப்பா கூட்டிட்டு வருவாரு. அஞ்சு மணிக்கு நான் மேட்டு மேலயே நிப்பேன். நீ வர்ற வரைக்கும் உள்ள போக மாட்டேன்.”

“குளிரும்டி.”

“குளிரட்டும். காய்ச்சல் வந்தா உன்னாலதான்.”

அம்மா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பிறகு நடந்தாள். இரண்டடி வைப்பாள், நிற்பாள். அப்பாவும் நானும் தொடவில்லை. மேட்டு முனைக்குப் போய்த் திரும்பி, இருக்கையில் உட்கார்ந்து, கால்களைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவளை இறக்கவும் திரும்ப ஏற்றவும் ஒரு தூக்கு நாற்காலி இருந்தது. வண்டி சேற்றை மிதித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போயிற்று.

நாலரைக்கே நான் மேட்டில் ஏறி நின்றுவிட்டேன். ஐந்து மணிக்கு வண்டி வரவில்லை. ஐந்தேகாலுக்கும் வரவில்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டு நின்றேன். ஐந்தரைக்குக் கேட்டில் வெளிச்சம் தெரிந்தது.

அப்பா வண்டியை ஒட்டி நிறுத்தி, காற்றை ஏற்றினார். நான் கதவைத் திறந்தேன். அம்மாவின் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சரிவில் அடிமேல் அடிவைத்து இறங்கினாள்.

“உதடெல்லாம் நீலம் பூத்துடுச்சு. உள்ள போடி முதல்ல” என்று என்னைத் திட்டினாள்.

சனிக்கிழமை அதே மேட்டில் ஏறி மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.