வாயைப் படிக்கும் குழல்

வருகை: ஆய்வு அலுவலர் இர்ஃபான். குழல் செய்யும் நிறுவனத்தின் சார்பில் ஆதர்ஷ். இழுப்பாளர் துளசிமணி. பகுப்பாய்வாளர், நான்.

இத்தனை பேர் இருந்தால்தான் எங்கள் சோதனைக்கூடத்தில் ஆவிக்குழல், அதாவது மின்சிகரெட், பெட்டியைத் திறக்கலாம். காலையில் திறந்ததும் பலாப்பழ வாசனை வந்தது. யாரோ தின்று, செரிக்காமல் வாந்தியெடுத்த பலாப்பழம்.

துளசிமணியின் முதல் சோதனை முடிந்திருந்தது. அவள் வாய் வைத்த முனையில் பழுப்புப் பாகு தொங்கியது. பஞ்சால் துடைத்துக் குப்பியில் போட்டேன். விரலில் பட்டது சோப்புக்குப் போகவில்லை.

முன்பெல்லாம் இதற்கு இயந்திரம் இருந்தது. ஆவியை உறிஞ்சி, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின், நிக்கல் போன்ற நச்சு எவ்வளவு என்று சொல்லும். குழல்களுக்கு அறிவு வந்ததும் அதன் கதை முடிந்தது. உறிஞ்சுவது இயந்திரம் என்று தெரிந்தால் குழல் தன் சுருளை அதிகம் சூடேற்றாமல் சுத்தமான ஆவியை விட்டது. எனவே சட்டம் மனிதருக்கு மாறியது. இழுப்பாளர் கண்ணாடி அறைக்குள் இழுத்து, பைக்குள் மூச்சுவிட வேண்டும். உள்ளே போன நச்சில் திரும்பி வராதது எவ்வளவோ, அதுதான் அளவு. ஆவணங்களில் அதன் பெயர் தேக்கம். தேங்குகிற இடம் துளசிமணியின் நுரையீரல்.

காலைத் தேக்கம் வரம்பைத் தாண்டியது. ஆதர்ஷ் மறுசோதனை கேட்டான். அந்த உரிமை அவனுக்கு உண்டு. உரிமம் பெற்றவர்தான் இழுக்கலாம். எங்களுடைய இன்னொரு இழுப்பாளர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வேறு ஆள் இல்லையென்றால் அதே ஆள் போகலாம் என்கிறது விதி. மறுசோதனையிலும் வரம்பு தாண்டினால் சரக்கு வெளியே போக முடியாது.

“இவங்களே பண்ணட்டும். நல்லாத்தானே இழுக்கறாங்க,” என்று சிரித்தான்.

சிரிப்பின் காரணம் எல்லோருக்கும் தெரியும். குழல் வாயைப் படிக்கும். பல்லின் பிடி, உதட்டின் அழுத்தம், இழுக்கும் வேகம். ஒரு குழல் படித்ததை அந்தத் தொகுதி முழுவதும் அறிந்துகொள்ளும். அது சோதனைக்கூடத்து வாய் என்றால், அடுத்த முறை தூய ஆவி. மறுசோதனை தேறிவிடும். நிறுவனம் இதை வாடிக்கையாளருக்கான இணக்கம் என்கிறது. மோசடி என்று நிரூபிக்க எங்களால் முடிந்ததில்லை.

தேறினால் இந்தக் குழல்கள் பல்லடத்து நூற்பாலை விடுதிக்குப் போகும். இரவு ஷிப்டில் தூங்காமலிருக்க அங்கே எல்லாப் பெண்களும் இழுத்தாக வேண்டும். துளசிமணியின் மகள் சுபிக்ஷா அங்கேதான் வேலை செய்கிறாள்.

“அக்கா, உங்க நெஞ்சு இதுக்கு மேல தாங்காது,” என்றேன். காலையில் அவள் காறித் துப்பிய கோழையில் ரத்தம் இருந்தது. கழுவியவன் நான்.

“நான் போகலீன்னா?”

“காலை அளவு செல்லாது. சரக்கு போயிரும்.”

“நான் போனா?”

“தேறிரும். அப்பவும் சரக்கு போயிரும்.”

“நல்ல சட்டம்தானுங்க சார்,” என்றாள் இர்ஃபானிடம். அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆதர்ஷிடம் கேட்டேன்: “நீங்க ஒருதடவையாச்சும் இத இழுத்திருக்கீங்களா?”

“ஐயோ, எனக்கு அந்த வாடையே கொமட்டும் சார்.”

கூசாமல் சொன்னான்.  துளசிமணி வாய்க்குள் இரண்டு விரலை விட்டு மேல் பல்செட்டைக் கழற்றினாள். எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. கீழ்ச் செட்டும் வந்தது. இந்த வேலையில் பல் தங்குவதில்லை. உதடுகள் உள்ளே விழுந்து, மூக்குக்குக் கீழே அவள் வேறு யாரோ ஆனாள்.

“இதக் கொஞ்சம் புடி கண்ணு,” என்று ஆதர்ஷின் உள்ளங்கையில் வைத்தாள். அதன் ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் பழுப்புப் பாகு படிந்திருந்தது. அவன் அதை மேசையில் போட்டுவிட்டுத் தொட்டிக்கு ஓடினான். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

இர்ஃபான் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். “பல்லப் பத்தி விதியில ஒண்ணுமில்ல,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அக்கா, குழலுக்கு இப்ப உங்களை யாருன்னு தெரியாது,” என்றேன். “காலையில வந்த விஷம் அப்படியே வரும்.”

“வரோணும்னுதான கழட்டுனேன்,” என்றாள். பல்லில்லாமல் சொல் குழைந்தது. “எவ்வளவு வருதுன்னு நீ சரியா பாத்து எழுது.”

உள்ளே போய் உட்கார்ந்து, குழலின் முனையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். இழுப்பு முடியும்வரை அந்த அறை உள்ளிருந்து திறக்காது. நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.