மூன்றாவது ஸ்லீவ்

போன் அலறியது!

லுஸ்விமிண்டா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். எதிர்முனையில் வக்கீல் அர்செனியா.

"மிண்டா... திங்கட்கிழமை தீர்ப்பு!"

"தம்பி தப்பிச்சுருவானா மேடம்?"



"நாற்பது வருஷம் வரைக்கும் போகலாம். மனசைக் கல்லாக்கிக்க."

போனை வைத்தாள்.

தம்பி கிரிசாந்தோ. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் மிண்டாவின் கணவன் டெல்ஃபினும் பத்தாங்காஸ் கடற்கரையில் எல்லோரும் பார்க்க அடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை படகுத்துறைப் பலகை முழுக்க டெல்ஃபினின் ரத்தம்! டெல்ஃபினைக் காணோம். படகையும் காணோம்.

அக்கா புருஷனை வெட்டி, படகோடு நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டான் என்றது போலீஸ். இல்லை என்று நிரூபிக்க ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை.

"அக்கோவ்!"

பட்டறை வாசலில் பழைய இன்ஜின் வியாபாரி எலிசியோ. கூட வந்த இரண்டு பேர் மூச்சுத் திணற பிஸ்டன் எதுவும் இல்லாத வெறும் இன்ஜின் ப்ளாக் ஒன்றைத் தூக்கி வந்து மேஜையில் இறக்கினார்கள்.

"நாலு சிலிண்டர் டீசல். ஜப்பான்ல இருந்து வந்த சரக்கு. ஒரு தடவகூட ரிப்பேருக்கு வந்ததே இல்லக்கா. தேறுமா தேறாதான்னு நீ சொன்னா எடுத்துக்கறேன்!"

"ரிப்பேருக்கே வராத இன்ஜினுக்கு எதுக்குடா புது பெயின்ட்?"

"அழகுக்கு!"

"உன் மூஞ்சிக்கு அடிச்சிருந்தாலாவது பிரயோஜனமா இருந்திருக்கும்."

எலிசியோ இளித்தான். மிண்டா குனிந்தாள்.

ப்ளாக்கின் பக்கவாட்டில் இன்ஜின் நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. யாரோ அரம் வைத்து ராவியிருக்கிறார்கள்!

தண்ணீர் ஓடும் துவாரத்தில் விரலை விட்டாள். வெள்ளையாகப் பொருக்கு வந்தது. நாக்கில் வைத்தாள்.

கரித்தது.

"டேய்... இது கடல் தண்ணி குடிச்ச இன்ஜின். படகுல ஓடியிருக்கு."

"அய்யய்யோ! வித்தவன் சொல்லலையேக்கா!"

ப்ளாக்கின் மேல்தளத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினாள். விரிசல் இருந்தால் ஈரம் கசிந்து கோடு காட்டும். கோடு இல்லை. அளவுக் கருவியை ஒவ்வொரு சிலிண்டராக இறக்கினாள். ஒன்று, இரண்டு, நான்கு... தேய்மானம் இருந்தது. ஆனால் தேறும்.

மூன்றாவதில் கை நின்றது.

மற்ற மூன்றிலும் ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் இறக்கிய இரும்புக் குழாய், மெல்லிசு. இதில் மட்டும் தடிமன்! ஜப்பானில் போட்டதல்ல. உள்ளூர்ப் பட்டறையில் கடைந்தது. அதுவும் தளத்துக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

"இதைக் கழட்டிப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

கீழிருந்து பிரஸ் எந்திரத்தால் தள்ளினாள். ஸ்லீவ் முனகிக்கொண்டே மேலே வந்தது.

துடைத்தாள்.

விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பினாள்.

ஸ்லீவின் வெளிச்சுவரில், கீழ் விளிம்பில், உளியால் வெட்டிய ஒரு சிறு சிலுவை. அதன் கீழே வரிசை எண் 417.

அவளுடைய குறி!

வேலை சரியில்லை என்று பின்னால் யாரும் வம்புக்கு வந்தால் காட்டுவதற்காக, அவள் போடும் ஒவ்வொரு ஸ்லீவின் முதுகிலும் வெட்டும் குறி. உள்ளே இறக்கிவிட்டால் வெளியே தெரியாது. பட்டறைக்கு வெளியே யாருக்கும் அவள் சொன்னதில்லை.

417... டெல்ஃபினின் படகு இன்ஜினுக்கு அவளே போட்ட ஸ்லீவ்!

கடலடியில் கிடப்பதாகப் போலீஸ் சொல்லும் இன்ஜின் அவள் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. அப்படியானால் படகு மூழ்கவில்லை. யாரோ ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்... டெல்ஃபினைக் கொன்றுவிட்டு!

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

எலிசியோ மிக அருகில் நின்றிருந்தான். கையில் கடப்பாரை.

இவனாகவே இருந்தால்...? கட்டைவிரலால் குறியை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கடப்பாரையைக் கீழ வை."

வைத்தான். மூச்சு வந்தது.

"யாருடா வித்தது?"

"கடலுக்கு அந்தப் பக்கம், கலாப்பான்ல ஒருத்தன். கஸ்டோடியோன்னு பேரு. தாடி, எப்பவும் மாஸ்க். வாயைத் திறக்கவே மாட்டான், எல்லாம் மெசேஜ்தான். ஆளைப் பாத்தாலே அடிவயிறு கலங்குதுக்கா."

மிண்டா ப்ளாக்கைத் தலைகீழாகப் புரட்டச் சொன்னாள். கிராங்க் தண்டு உட்காரும் ஐந்து இடங்களில் இரண்டில் கேப் என்னும் மூடி இல்லை. விற்றவனை வரவழைக்க அது போதும்!

"ரெண்டு கேப் காணோம். இந்த ப்ளாக்கோடவே கடைஞ்ச கேப் இல்லாட்டி இது வெறும் காயலான் இரும்பு. வேற எதுவும் உக்காராது. அவனையே எடுத்துட்டு நேர்ல வரச்சொல்லு. பொருத்திப் பாத்துட்டுத்தான் பேச்சு. என் பேரு, கடை பேரு எதுவும் சொல்லாத!"

மெசேஜ் பறந்தது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"மூணு மணி கப்பல்ல வர்றானாம். ஆனா ஊருக்குள்ள கால் வைக்க மாட்டானாம். துறைமுக வாசல்லயே பாத்துக்கணுமாம்."

"ஏனாம்?"

"ஊர் ராசியில்லையாம்!"

* * *

இன்ஸ்பெக்டர் பெனாஃப்லோர் ஸ்லீவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரிசாந்தோவுக்கு விலங்கு மாட்டியவரே அவர்தான்.

"ஏம்மா, ஒரு இரும்புக் குழாயை நம்பி நான் துறைமுகத்துக்கு வரணுமா?"

"உங்க கேஸ் மூழ்கிப்போன படகு மேல நிக்குது சார். அந்தப் படகோட இன்ஜின் என் பட்டறையில இருக்கு. வர்றீங்களா, இல்ல ஜட்ஜ் வீட்டுக்கே ப்ளாக்கைத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டைக்கு மாறினார்.

மூன்று மணி. கப்பல் கரைதட்டியது.

மிண்டா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். நெஞ்சு இன்ஜின் மாதிரி அடித்தது. என் புருஷனைக் கொன்றவன்... இரண்டு வருடமாக நான் கண்ணால் பார்க்கத் துடித்த முகம்...

எலிசியோ கையை ஆட்டினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். தாடி. முகத்தில் மாஸ்க். கையில் கனமான சாக்குப் பை. நாலாபக்கமும் பார்த்துவிட்டு எலிசியோவிடம் பையை நீட்டினான். இரும்பும் இரும்பும் மோதும் சத்தம்.

"அசையாதே! போலீஸ்!"

அவன் பையைப் போட்டுவிட்டு ஓடினான்... இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார். தொபேலென்று விழுந்தான். மிண்டா பாய்ந்து போய் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள்.

உறைந்தாள்!

தாடி புதிது. கண் பழையது. இடது முன்கையில் மட்டும் நீளமாக ஒரு வெட்டுத்தழும்பு, படகுத்துறையில் சிந்த ரத்தம் தேவை என்று தானே கீறிக்கொண்ட மாதிரி.

அவன் உதடு துடித்தது.

"மி... மிண்டா... அங்க ஒருத்தி... புள்ளை வேற பொறந்திடுச்சு... நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

பளார்!

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடமாக இவனுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி அத்தனையும் அந்த ஓர் அறையில் இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தம்பி பிழைத்தான்!

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கியபடி கேட்டார்.

"இவன்தானாம்மா கொலைகாரன்?"

"இல்ல சார்... இவருதான் பொணம்!"

இன்ஸ்பெக்டருக்குப் புரிய நாலு நொடி ஆயிற்று. புரிந்ததும் விலங்கை எடுத்து டெல்ஃபினின் கையில் மாட்டினார்.

"திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வாய்யா... உன்னைக் கொன்னது யாருன்னு நீயே சாட்சி சொல்லு!"