பிசுபிசுப்பு மாதம்

அந்த மாவட்டத்தில் வருஷம் முழுக்க வெயிலும் ஈரமும்தான். வருஷத் தொடக்கத்தில் பனிமூட்டம் இருக்கும். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். பனி விலகினால் கொஞ்ச நாளுக்கு வறண்ட காற்று வீசும். துவைத்துப் போட்ட சட்டை கண்ணை மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். பிறகு மழைக்காலம். மழை விட்டாலும் ஈரம் விடாது. செருப்பில் பூஞ்சை பூக்கும், கதவு ஊதிப்போய்ச் சாத்த மறுக்கும், ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வறண்ட காற்று நின்று, மழை இன்னும் வராமல் இருக்கும் இடைப்பட்ட மாதம்தான் பொல்லாதது. வானம் மூடிக் கிடக்கும். ஓர் இலை அசையாது. வியர்வை வழியுமே தவிர உலராது. தும்பி அதற்குப் ‘பிசுபிசுப்பு மாதம்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

தும்பி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் அம்மா அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்குப் பத்து வயது. அம்மா நூல் மில்லில் பகல் வேலைக்குப் போவாள். அப்பா வீட்டுக்குப் பின்னால் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நீளமான கொட்டகை, தகரக் கூரை. தரையில் உமி பரப்பியிருக்கும். அதில் வெள்ளைக் கோழிகள் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். கூரையில் பெரிய மின்விசிறிகள் ஓயாமல் சுற்றும்.

பிசுபிசுப்பு மாதத்தில் ஒருநாள், முற்பகலில், அந்த விசிறிகள் நின்றன.

தெருமுனையில் மின்மாற்றி வெடித்துவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா ஜெனரேட்டரை முடுக்கினார். அது நாலு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“நான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் டியூப் போட்டுக் கோழிங்க மேல தண்ணி அடிச்சுக்கிட்டே இரு, தும்பி. நிறுத்தாதே” என்று சொல்லிவிட்டு வண்டியில் பறந்தார்.

தும்பி ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். கோழிகள் சொட்டச் சொட்ட நனைந்தன. அப்படியும் அவை அலகைத் திறந்தபடியே மூச்சு வாங்கின. இறக்கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு தள்ளாடின. எப்போதும் சளசளவென்று பேசிக்கொண்டே இருக்கிற கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, நனைந்த மூலையில் ஒரு கோழி சாய்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தும்பி அங்கேயே இன்னும் அதிகமாகத் தண்ணீர் அடித்தாள். மூன்றாவதும் சாய்ந்தது.

அவளுடைய பாவாடையும் நனைந்துதான் இருந்தது. ஆனால் குளிர்ச்சியாக இல்லை. ஈரக் கம்பளியைச் சுற்றிக்கொண்ட மாதிரி புழுங்கியது.

வெளியே கொடிக்கயிற்றைப் பார்த்தாள். நேற்றுக் காலையில் அம்மா காயப்போட்ட துணி இன்னும் ஈரமாகவே தொங்கியது. வறண்ட காற்று வீசும் நாட்களில் அப்பா தண்ணீர் அடித்தால் கோழிகள் சிலிர்த்துக்கொண்டு எழுந்துவிடும். அன்றைக்கெல்லாம் தண்ணீர் உடனே காய்ந்துபோகும். காயும்போதுதான் உடம்பு சில்லென்று ஆகும். இன்றைக்கு எதுவும் காயப்போவதில்லை.

நிறுத்தாதே என்று சொன்னது அப்பா. அப்பா சொல்லி அவள் மீறியதே இல்லை. தும்பி உதட்டைக் கடித்துக்கொண்டு குழாயை மூடினாள்.

இப்போது வேண்டியது காற்று. கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கிய படுதாக்களைச் சுருட்டிக் கட்டினாள். ஒரு கயிறு ஈரத்தில் ஊதி முடிச்சு இறுகிக் கிடந்தது. அதை அரிவாளால் அறுத்தாள். அப்படியும் காற்று வரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்தில், கொடிக்கயிற்றில் காயப்போட்ட துண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அங்கே காற்று இருக்கிறது! நடுவில் நின்றதுதான் சங்கடம்: ஆள் உயரத்துக்கு மேல், சுவர் போல அடர்ந்த பீர்க்கங்கொடி வேலி.

அந்த வேலி பக்கத்துவீட்டு மாமாவுடையது. காற்று திசை மாறும் மாதங்களில் கோழி நாற்றம் தன் வீட்டுக்குள் வருகிறது என்று அப்பாவோடு சண்டை போட்டு, அந்தக் கோபத்தில் வளர்த்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கொடி நிறைய பிஞ்சு. மாமா தினமும் காலையில் அவற்றைப் பெற்ற பிள்ளைகளைப் போலத் தடவிக்கொடுப்பார்.

தும்பி சுற்றிக்கொண்டு ஓடி அவர் கதவைத் தட்டினாள். கரண்ட் இல்லாத எரிச்சலில் விசிறிக்கொண்டே வந்தார் மாமா. உங்க அப்பா அனுப்பினாரா என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

“மாமா, கோழியெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. உங்க வேலியைத் தாண்டிக் காத்து வரமாட்டேங்குது. அதை வெட்டணும்.”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலியை வெட்டுவதா, விளையாடுகிறாயா என்று ஆரம்பித்தவர், அவளுடைய நனைந்த பாவாடையையும் அதில் ஒட்டியிருந்த வெள்ளை இறகுகளையும் கண்டு நிறுத்தினார். அவளோடு நடந்து வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தார். பிறகு விசிறியைக் கீழே போட்டுவிட்டு, கொட்டகையில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டார்.

பிஞ்சுகளோடு கொடி சரிந்து விழுந்தது. விழுந்த பிஞ்சுகளின் பக்கம் திரும்பாமலே மாமா வெட்டினார். வேலி தரையோடு விழுந்தபோது, பெரிதாக இல்லை, ஒரு நூல் அளவுக்குக் காற்று கொட்டகைக்குள் நுழைந்தது. அது போதவில்லை. கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒட்டியிருந்தால் நடுவில் சூடு தேங்கும். அதனால் இருவரும் அவற்றின் நடுவே மெதுவாக, பயமுறுத்தாமல் நடந்தார்கள். கால் பட்ட கோழிகள் எழுந்து நகர்ந்தன. நடந்துகொண்டே சாக்குத்துணியால் விசிறினார்கள். தண்ணீர்க் கிண்ணங்களில் சூடேறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். மாமாவின் வேட்டி முழுக்க எச்சம். ஒரு சேவலாவது நன்றி சொல்கிறதா பார் என்று முனகினார். இங்கே சேவலே கிடையாது மாமா, எல்லாம் கோழிதான் என்றாள் தும்பி. அதற்கும் முனகினார்.

அப்பா மெக்கானிக்கோடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூடிக் கிடந்த குழாயைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. தும்பி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அது அடங்கியது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி விசிறிகள் சுற்றின.

பிறகு இறந்தவற்றைப் பொறுக்கினார்கள். கூடை கூடையாக வந்தது. கொட்டகையில் கால்வாசி போய்விட்டது. வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த நனைந்த மூலையில் உயிரோடு ஒன்றுகூட இல்லை. அங்கே வந்ததும் தும்பியால் குனிய முடியவில்லை.

“அப்பா, இந்த மூலையைத்தான் முதல்ல நனைச்சேன்” என்றாள்.

அப்பா அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார். “நனைக்கச் சொன்னது யாரு? நான்தானே. இது என் கணக்கு. உன்னோடது அதோ நிக்குது பாரு.”

அவர் காட்டிய பக்கத்தில், கோழிகள் விசிறிக் காற்றுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். கூப்பிடாமலே மாமாவும் மண்வெட்டியோடு வந்திருந்தார். அவரும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. குழியை மூடி முடித்ததும் அப்பா அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். மாமா கழுவிக்கொண்டார். மழை அன்றைக்கும் வரவில்லை.

“நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்” என்றார் மாமா, வானத்தைப் பார்த்து. “ஜெனரேட்டரை நம்பமுடியாது. காலையில வர்றேன்.”

அப்பா தலையாட்டினார்.

அந்த நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு கோழி, ஊரே கேட்கும்படி கொக்கரித்தது. முட்டை போட்டுவிட்ட பெருமை அதற்கு.

“அடேயப்பா, இன்னைக்குப் பார்த்தா?” என்றார் மாமா.

தும்பி முட்டையை எடுக்க ஓடினாள்.