நடுவில் உட்கார்ந்திருப்பவன்

பழைய ஹெட்போன்கள் விற்பனைக்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்த வீடு சந்தின் கடைசியில் இருந்தது. அழைப்புமணி வேலை செய்யவில்லை. கை வலிக்கத் தட்டினேன். கதவைத் திறந்த மனிதர் வாங்க என்றுகூடச் சொல்லாமல் மாடிப்படியைக் காட்டிவிட்டு முன்னால் ஏறினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் நடத்தி இழுத்து மூடியவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நொடித்துப்போன மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டா நிற்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாடி அறையின் ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார். வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டு. ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோன மாதிரி ஒரு வாடை. மேசையில் மூன்று ஹெட்போன்கள் கிடந்தன.

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் போட வழியில்லை. கொஞ்சம் சத்தம் போட்டாலே கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடிப்பார். அந்த இடியாவது தாளத்தோடு சேருமா என்றால் அதுவும் சேராது. அதனால் தம்பியின் பாட்டை முழுக்க முழுக்க ஹெட்போனிலேயே கேட்டு, குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்த்து மிக்ஸ் செய்ய வேண்டியிருந்தது. பெரிய இசையமைப்பாளர் ஒருவர் அனுப்பு, கேட்கிறேன் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி இவன் வேலையை விட்டுவிட்டான். படிப்பு ஏறவில்லை, வியாபாரம் ஒட்டவில்லை. அவனுக்கென்று இருப்பது குரல் ஒன்றுதான்.

அந்தக் குரலை மூன்றிலும் போட்டுக் கேட்டேன். முதலாவது பின்பக்கம் திறந்த வகை. பாட்டு இயல்பாகத்தான் இருந்தது, ஆனால் மின்விசிறி, தெரு, அந்த மனிதரின் இருமல் எல்லாம் சேர்ந்து பாடின. இரண்டாவது மூடிய வகை. கீழ்ச்சத்தத்தை ஊதி ஊதிப் பெரிதாக்கியது. அதை நம்பி மிக்ஸ் செய்தால் வெளியே பாட்டு சோனியாக இருக்கும்.

மூன்றாவதும் மூடிய வகைதான். காதுமெத்தை தேய்ந்து கறுத்திருந்தது. போட்டதும் உலகம் அணைந்தது. தம்பியின் குரல் தலையைச் சுற்றி நாலாபக்கமும் பரந்து நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இதை எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "பாடினது யாரு?"

"என் தம்பி."

"எடுத்துட்டுப் போயிடுங்க. திரும்ப இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க" என்றார். நான் படி இறங்கி முடிப்பதற்குள் மேலே மாடி அறையின் தாழ்ப்பாள் விழுந்தது. இந்த மரியாதைக்குத்தான் கடை மூடியது போலும் என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். சமையலறையில் தம்பி சட்டிபானையோடு பேசிக்கொண்டிருந்தான். அவன் வாய் ஓயாது. தூக்கத்திலும் விவாதம் செய்வான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் வைத்த பெயர் காக்கா.

"காக்கா, கொஞ்சம் கத்தாம இரு. வேலை நடக்குது."

"கத்துறதத்தானேக்கா மிக்ஸ் பண்ணுற!"

சிரித்துக்கொண்டே மாட்டினேன். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் நான் அதை வைத்திருந்த மேசையில் வெயில் படாது என்பது அப்போது உறைக்கவில்லை. வேலை சறுக்கிக்கொண்டு ஓடியது. எந்தப் பொத்தானைத் திருப்பினாலும் குரல் இன்னும் இன்னும் அகலமாக விரிந்தது. பாடகன் நடுவில் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். இவன் நடுவை விட்டு இரண்டு ஓரத்துக்கும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தான். நடு காலியாக இருந்தது.

காலி என்று எப்படிச் சொல்வது? அங்கே ஒரு மூச்சு கேட்டது.

தம்பி மூச்சு இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால், என் தலைக்கு நட்டநடுவில், இன்னொருவன் இழுத்தான். குரல் பதிவை மட்டும் தனியாக ஓடவிட்டேன். சுத்தமாக இருந்தது. பாட்டை நிறுத்தினேன்.

யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

பிடுங்கிப் போட்டேன். வீடே அமைதியாக இருந்தது. நம் வீட்டில் ஏது அமைதி? சமையலறைக்கு ஓடினேன். தம்பி தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தொண்டை கட்டுதுக்கா" என்றான். காற்றுதான் வந்தது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு, "மோனோல கேட்டியா?" என்று சைகையும் காற்றுமாகக் கேட்டான். கேட்கவில்லை. இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பதுதான் மோனோ. மிக்ஸ் செய்கிறவர்களுக்கு அது பாலபாடம். ஒரு பக்கத்து ஒலியலைக்கு மறுபக்கத்தது நேர் எதிராக இருந்தால் ஹெட்போனில் குரல் பிரம்மாண்டமாகப் பரந்து கேட்கும். ஒன்றாகச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். அந்த அகலத்தில் மயங்கி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

பாட்டை என் பழைய செல்போனில் போட்டேன். அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். தாளம் வந்தது, கிடார் வந்தது, புல்லாங்குழல் வந்தது.

தம்பி வரவில்லை.

பாட்டு முழுக்க அவன் இல்லை. பதறித் திரும்பினேன். அவன் வாய் அசைந்தது. "அக்கா" என்கிறான் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. இப்போது காற்றுகூட வரவில்லை.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து கொசு மாதிரி ஒரு சத்தம். ஒயரைப் பார்த்தேன். எதிலும் செருகவில்லை, தரைவரை தொங்கியது.

மாட்டினேன்.

"அக்கா... இங்க ஒருத்தன் நடுவுல உட்கார்ந்திருக்கான்க்கா. நகர மாட்டேங்கறான்."

உடனே இன்னொரு குரல். தம்பியின் அதே குரல், ஆனால் பாசம் துளி இல்லாத குரல். "வாயை மூடு."

எனக்கு வந்த பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. என் வீட்டுப் பிள்ளையை வாயை மூடு என்று சொல்ல இவன் யார்? திருப்புளியால் வலது பக்கக் கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். தவறிப் பற்றவைத்தது இல்லை. அவிழ்க்கவே முடியாதபடி மேலே மேலே ஈயத்தை ஊற்றியிருந்தார்கள். எதிராக இருப்பதைத்தானே நேராக்க வேண்டும்? பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கி, இரண்டையும் சரியான இடத்துக்கு மாற்றினேன். தம்பி பக்கத்தில் நின்று என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் கை நடுங்கியது.

ஈயம் ஆறியதும் அந்தப் பிடி தளர்ந்தது.

"அக்கா!"

வீடு அதிர்ந்தது. கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்தார். அந்த இடி அன்று எனக்குத் தேன் மாதிரி இருந்தது. தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என் தலையைத் தடவினான். "அழாதே. எல்லாம் சரியாயிடுச்சு."

"இந்தச் சனியனை இனிமே ஒரு நிமிஷம் வீட்டுல வைக்க மாட்டேன்டா" என்று சுத்தியலைத் தேடி எடுத்தேன். ஹெட்போனைத் தரையில் வைத்தேன். திறந்த கிண்ணம் என் பக்கம் பார்த்தபடி கிடந்தது. சுத்தியலை ஓங்கினேன்.

உள்ளிருந்து அழுகை கேட்டது.

"அக்கா, உடைச்சிடாதேக்கா. காக்கா நான். இன்னும் வெளிய வரலை."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்னால் நின்றவன் என் தோளில் கை வைத்தான். அந்தக் கை நடுங்கவே இல்லை.

"உடை" என்றான்.

நான் உடைக்கவில்லை. இசையமைப்பாளர் வெளியே இருப்பவனைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்படி ஒரு குரலா என்று அதிசயிக்கிறார்கள். நான் குளிக்கும்போது தவிர ஹெட்போனைக் கழற்றுவதில்லை. உள்ளே என் தம்பி விடாமல் பேசுகிறான்; பேச்சை நிறுத்தினால் நடுவில் வேறு யாரோ நெருங்கி உட்காருகிறார்கள் என்கிறான்.

இன்று விடிந்ததிலிருந்து அவன் பேசவில்லை. அடுத்த அறையில் பாட்டு நின்றது. வாசலில் வந்து நின்றவன் என் காதுகளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, சத்தம் வரலையா?"