ஒரு விரல் இடைவெளி

சமையலறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அதைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டுத்தான் வெர்டா, தன் அக்கா லியோனாவுக்குக் கோழி சூப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போயிருந்தாள். காலிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தால் கதவு மட்டுமல்ல, பாத்திர அலமாரி, மாவு டப்பாவின் மூடி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி, அடுப்பின் சாம்பல் தட்டு, எல்லாமே அதே ஒரு விரல் அகலத்துக்கு வாய் பிளந்து நின்றன. காற்று கொஞ்சமும் இல்லை. நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம். ஆற்றிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் தெருவேறி வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் சேற்று வாடை. அப்பாவின் பழைய மேல்சட்டையில் அடித்த அதே வாடை.

அப்பா பொத்தான் ஆலையில் சிப்பி வெட்டியவர். மிசிசிப்பி ஆறு கொடுத்த சிப்பியில் சோறு தின்னாத குடும்பம் அந்த ஊரில் இல்லை. லியோனாவும் வெர்டாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இதே சமையலறையில் அட்டை அட்டையாகப் பொத்தான் தைத்தவர்கள்தான். பொத்தான் வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டைச் சிப்பிகளைக் கொட்டித்தான் சந்துகளை மேடாக்கினார்கள், வீடுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். இந்த வீட்டுக்கு அடியிலும் நாற்பது வண்டிச் சிப்பி கிடந்தது. பிளாஸ்டிக் வந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆற்றிலும் சிப்பி அற்றுப்போயிருந்தது.

பக்கத்து வீட்டு ஆர்லோ இழைப்புளியோடு வந்தார்.

"இது மூணாவது தடவை, வெர்டா. இனியும் இழைச்சா கையில பிடிதான் மிஞ்சும். உங்க அக்கா வாய் மாதிரியே இருக்கு இந்தக் கதவு. மூடவே மாட்டேங்குது."

"அவ காதுல விழுந்தா உங்களுக்கு நான் சுடற ஆப்பிள் பை கிடையாது."

"விழுந்துடுச்சு," என்றது மாடியிலிருந்து லியோனாவின் குரல். "உங்க வீட்டுக்காரி சுட்டதைத் தின்னுட்டு இன்னும் நடமாடுறீங்களே ஆர்லோ, முதல்ல அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்க."

ஆர்லோ சிரித்துக்கொண்டே கீல்களைப் பார்க்க வெளியே இறங்கினார். வெர்டா சும்மா, கதவின் விளிம்பில் விரலை வைத்தாள்.

மூடிக்கொண்டது. படீரென்று அல்ல, மெதுவாக, ஈரமாக, இறுக்கமாக. அவளுக்குப் பின்னால் அலமாரிகளும் மாவு டப்பாவும் அதே நொடியில் மூடிக்கொண்டன.

"விளையாடாதீங்க வெர்டா. திறங்க."

"நான் மூடல, ஆர்லோ."

பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. ஜன்னல்களும் அப்படித்தான். வெளியே ஆர்லோ தோளால் இடித்துப் பார்த்தார். கடப்பாரை எடுத்து வருகிறேன் என்று அவர் சொன்னது, பஞ்சுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது.

சிறுவயதில் அப்பாவின் படகில் உட்கார்ந்து பார்த்தது வெர்டாவுக்கு நினைவு வந்தது. ஆற்றின் அடியில் சிப்பிகள் லேசாக வாய் திறந்து கிடக்கும். படகு இழுத்துப் போகிற கொக்கி உள்ளே பட்டதும் மூடிக் கவ்விக்கொள்ளும். அப்புறம் உயிர் போனாலும் விடாது. கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு மேலே வரும். அவற்றில் குஞ்சுச் சிப்பிகளை லியோனா அப்பாவுக்குத் தெரியாமல் தண்ணீரில் நழுவ விடுவாள். அதற்காக அறையும் வாங்குவாள். வலிக்கவில்லை என்பாள்.

மணி நான்கு. பக்கவாதம் வந்து எட்டு மாதமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் லியோனாவைப் புரட்டிப் படுக்க வைப்பது வெர்டாவின் வேலை. அவளுக்கு அது வேலையல்ல, ஜெபம். மாடிக்குப் போனாள். முதுகில் இருந்த படுக்கைப் புண்ணைப் பார்க்க நைட்டியை விலக்கினாள்.

புண் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒன்று படிந்திருந்தது. சாய்ந்து பார்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையுமாக மின்னியது. நகம் பட்டதும் டக்கென்று சத்தம் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்லடி. மூணு நாளா வலியே இல்ல. தூங்கறப்போ யாரோ முதுகத் தடவிக் கொடுக்கற மாதிரி இருக்கு. நீதான்னு நெனச்சேன்."

வெர்டா நைட்டியை இழுத்து மூடினாள். உறுத்துகிற மணலைச் சிப்பிக்கு வெளியே தள்ளத் தெரியாது. படலம் படலமாகப் பூசி அதை முத்தாக்கிவிடும். அந்த ஊரில் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் இது தெரியும்.

"வெளியில போகணும், லியோனா. இப்பவே."

கட்டிப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. விரிப்பு மெத்தையோடு ஒட்டி ஓடுபோல் இறுகியிருந்தது. லியோனாவின் குதிகால்களும் அதனோடு சேர்ந்திருந்தன. கத்திரிக்கோலின் முனை அதில் வழுக்கியது. வெண்ணெய்க் கத்தி வளைந்தது. அவள் மாறி மாறி முயன்றதில் அறைக்குள் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

கீழே ஏதோ நெகிழ்கிற சத்தம்.

ஓடினாள். சமையலறைக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அந்தி. பனி. அதற்குள்ளிருந்து ஆர்லோவின் கை மட்டும் நீண்டிருந்தது.

"எதையும் தொடாம வாங்க. ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து லியோனாவ ஜன்னல் வழியா எடுத்துக்கலாம்."

கையைப் பிடித்தாள். சூடான கை. ஒரு கால் வாசல் படியில் பட்டது. குளிர்ந்த, நல்ல காற்று.

"போ வெர்டா," என்றாள் லியோனா மேலிருந்து. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

வாயைச் சரியாகத் திறக்க முடியாத குரல். அறுபத்தொரு வருடத்தில் வெர்டா முதல்முறையாக அக்காவின் குரலில் பயத்தைக் கேட்டாள்.

ஆண்டவரே, என்றாள் மனதுக்குள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. மனிதர் செய்யும் சின்னச் சின்ன உதவிகளில் ஒன்றையும் அவர் மறப்பதில்லை என்று நம்பி வாழ்ந்தவள். அப்போதும் நம்பினாள். ஆர்லோவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"அவ பயப்படறா, ஆர்லோ."

அவள் காலை உள்ளே எடுத்ததும் கதவு மூடியது.

மாடிப்படியில் விளக்கு இல்லை. ஆனால் இருட்டும் இல்லை. சுவர்கள் தாமே வெளுத்திருந்தன. கைப்பிடி வழுவழுத்தது. படியின் விளிம்புகள் தேய்ந்து, உருண்டு, ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தன. அறையில் மூலைகள் இல்லை. ஜன்னல் இருந்த இடம் தெரியவில்லை.

"லியோனா, வந்துட்டேன்."

பக்கத்தில் படுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது. பிறகு குளிரவில்லை. எது தன் விரல், எது அக்காவின் விரல்? இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வலிக்கவும் இல்லை.

எங்கோ வெகு தூரத்தில் கடப்பாரைச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

லியோனாவின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. உதடுகள் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. வழுவழுப்பு. மெல்லிய மினுமினுப்பு. அதற்கு உள்ளேயிருந்து, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டின் மெட்டு முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. படலத்துக்கு அடியில் இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. அசைந்தன.

ஏதோ ஒன்று வெர்டாவின் நெற்றியை ஈரமாக, மிக மிருதுவாகத் தடவியது.

கண்ணை இமைத்தாள்.

இமை திறக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.