இறக்கி

கோடியக்கரைச் சதுப்பில் அந்தக் கரண்டிமூக்கு உள்ளானை அன்று காலை பதினோராவது தடவையாக இறக்கினார்கள்.

பறவை பூமியின் காந்தத்தைப் பிடித்துத் திசை பார்க்கிறது. இறக்கி என்ற கருவி அந்தக் காந்தத்தைப் பொய்யாக்கும். பொத்தானை அமுக்கினால் போதும், சைபீரியாவிலிருந்து வழி தவறாமல் வந்த பறவை பார்வை மேடைக்கு எதிரே வெறும் உப்புத் தரையில் வந்து விழும். பறவை பார்க்கும் சங்கத்தார் கண்ணால் பார்த்தால்தான் தங்கள் பறவைப் பட்டியலில் குறிக்கலாமாம். நேற்று ஒரு பஸ் வந்தது. இன்று நாற்பது பேர், ஓர் இறக்கத்துக்கு மூன்று பேர். பார்த்தார்கள், குறித்தார்கள், பொங்கலைத் தின்று ஏப்பம் விட்டார்கள்.

மேடைக் காவலர் வேதையன் விளிம்பில் நின்று பறவையைப் பார்த்தார். சிட்டுக்குருவி அளவு உயிர். கால் நடுங்குகிறது. அது தின்னும் புழு ஒரு மைல் தெற்கே, கடல் அலை ஏறும் சேற்றில். அங்கே போக எழும்பினால் இறக்கி இழுத்துவிடும். இரண்டு நாளாக இரை இல்லை.

"ஏம்மா, அது செத்துரும். நிறுத்துங்க" என்றார், சங்கத் தலைவி திலகவதியிடம்.

"இன்னும் ஏழு பேர்தான் பெரியவரே. பெங்களூர்லேருந்து வந்திருக்காங்க."

"அது எங்கேருந்து வந்திருக்கு?"

வரிசையில் ஒருவன் சிரித்தான். "பெரியவருக்கும் ஒரு தடவை காட்டிருங்க மேடம். வாய மூடிக்குவாரு."

"செத்ததப் பாத்தா பட்டியல்ல சேராது. சீக்கிரம் வாங்க" என்று திலகவதி பொத்தானை அமுக்கினாள்.

இந்தத் தடவை உள்ளான் குப்புற விழுந்தது. மூவரும் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வேதையன் இறக்கியைப் பிடுங்கி மேடைக்குப் பின்னால் இருந்த சேற்றில் எறிந்தார். அதன் தட்டு கவிழ்ந்து புதைந்தது. வானத்துக்குப் போய்க்கொண்டிருந்த பொய்க் காந்தம் தரையோடு படர்ந்தது. உள்ளான் இரண்டு தத்துத் தத்தி எழும்பியது. ஆள் உயரம் தாண்டியதும் நேராகத் தெற்கே போனது.

"அறிவிருக்காய்யா உனக்கு? நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்! எல்லாரும் கெளம்புங்க" என்று கத்தினாள் திலகவதி.

கிளம்பினார்கள். எல்லார் காதிலும் வழிசொல்லி. அதுவும் பூமிக் காந்தத்தைப் பார்த்துத்தான் இடம், வலம் சொல்லும். வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போகவும் அதைக் கேட்கிற ஜனங்கள். வலப்பக்கம் என்றது, திரும்பினார்கள். மறுபடி வலப்பக்கம் என்றது. மேடையைச் சுற்றி வந்து, பறவை எச்சம் நாறும் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றார்கள்.

"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது வழிசொல்லி.

நூறடி தள்ளித் தார்ச்சாலையில் அவர்கள் பஸ் நின்றது. வேதையன் கை நீட்டிக் காட்டினார். "அந்தா நிக்குது பாருங்க ஒங்க பஸ்ஸு! கண்ணு இல்ல?"

திலகவதி பஸ்ஸைப் பார்த்தாள். காதைத் தொட்டாள்.

"இது அப்படிச் சொல்லலையே" என்றாள்.

வேதையன் காறித் துப்பினார். மதியத்துக்குள் அவர்கள் பதினோரு தடவை வந்து சேர்ந்தார்கள்.