மாஸ்ட்ரோவின் இருட்டு

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. வெளிச்சம் காணாமல் போயிருந்தது.

சாண்டியாகோ நகரத்தில் அது லேசில் நடக்கிற காரியமல்ல. ஜனவரிதான் அங்கே உச்சக் கோடை; வெயில் ஷட்டர் இடுக்கில் நுழைந்தாவது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். காணாமல் போனது, ரமிரோவின் கம்பெனி முந்தின நாள் வெளியிட்ட ‘உப்புச் சுரங்கம்’ என்ற கணினி விளையாட்டில். அமைப்புகள் பக்கத்தில் ஒலி இருந்தது, மொழி இருந்தது, மவுஸின் வேகம்கூட இருந்தது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையையும், நிழல்களைத் தெளியவைக்கும் காமா பட்டையையும் மட்டும் காணோம். வெள்ளிக்கிழமை வரை இரண்டும் இருந்தன.

புகார்களைப் படித்துப் பதில் எழுதுவது கிரிசெல்டாவின் வேலை. அன்று அவள் குடித்த மாட்டே மூலிகைத் தேநீர் வழக்கத்தைவிடக் கசந்தது. கொர்தோபாக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: “கண்புரை ஆபரேஷன் பண்ணினவன் நான். திரையோட பட்டனை அமுக்கி வெளிச்சத்தை முழுசா ஏத்தியும் பாத்துட்டேன். என் மூஞ்சிதான் தெரியுது. அதைப் பாக்கறதுக்கு எதுக்குய்யா காசு குடுத்தேன்?”

நியாயமான கேள்வி. பதில் தேடி அவள் ரமிரோவின் அறைக்குப் போனாள்.

அங்கே தீர்ப்பே ஆகிவிட்டிருந்தது. நிரலாளன் நசரேனோ கண்ணைக் கசக்கியபடி நின்றான். ஊரே அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடும்.

“சனிக்கிழமை மத்தியானம், ஒல்லியோட கணினியிலேர்ந்து, அவன் பேர்ல பட்டைகளை அழிச்சிருக்கு,” என்றார் ரமிரோ. “இன்னியோட கணக்கு முடிச்சிக்கோ, தம்பி.”

“நான் வீட்டுல தூங்கிட்டிருந்தேன் ரமிரோ. சனிக்கிழமை மத்தியானம் எவன் வேலைக்கு வருவான்?”

“சாட்சி?”

“யமிலா.”

“பொண்டாட்டி சாட்சி சொல்லாம வேற யாரு சொல்லுவா.”

யமிலாவுக்கு மார்ச்சில் குழந்தை பிறக்க வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஜன்னலோரம் லஸ்கானோ சாய்ந்திருந்தார். கலை இயக்குநர், தன்னை மாஸ்ட்ரோ என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கியவர். “பையனைத் திட்டாதீங்க,” என்றார் பெருந்தன்மையாக. “விபத்துதான், ஆனா நல்ல விபத்து. இருட்டு இந்தப் படைப்போட ஆன்மா. ஆன்மாவுக்கு யாராவது பட்டை வைப்பாங்களா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அறிக்கை எழுதிட்டேன், போட்டுடுங்க.”

அறிக்கையின் முதல் வரி, இருளை அனுபவிக்கத் தெரியாத கண்களுக்காகப் பரிதாபப்பட்டது. கிரிசெல்டாவுக்குக் காது வரை சூடேறியது. கொர்தோபாக்காரரின் கண்ணுக்காக இந்த ஆள் பரிதாபப்படுவதா?

“ஒல்லி, கண்ணுக்கு என்ன?” என்று கேட்டாள்.

“தெரியல கிரி அக்கா. காலையில திரையைப் போட்டதுலேர்ந்து ஒரே கூச்சம். தண்ணி தண்ணியா வருது.”

“அழுகையா இருக்கும்,” என்றார் ரமிரோ.

அவள் ஒல்லியின் மேஜைக்குப் போனாள். கணினி பூட்டப்படாமல் கிடந்தது. எல்லார் கணினியும் அப்படித்தான். மதியத் தூக்க நேரத்தில் இந்த ஊரில் திருடன்கூடத் தூங்குவான் என்பது நம்பிக்கை. பூட்டிவிட்டுப் போனால் பக்கத்து மேஜைக்காரர் முகம் கோணும். அலுவலகச் சாவி மூன்று பேரிடம்: ரமிரோ, லஸ்கானோ, ஒல்லி. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ரமிரோவுக்கும் காரணம் உண்டு. பட்டைகள் குறைந்தால் அவற்றின் பெயர்களை மொழிபெயர்க்கும் செலவு குறையும் என்று ஒரு மாதமாகப் புலம்புகிறவர்.

அவள் ஒல்லியின் திரைக்கு அடியில் கைவிட்டுப் பட்டனை அமுக்கினாள். எதையோ பார்த்தாள். பிறகு ரமிரோவின் திரைக்கு அடியில் தடவினாள். விரலில் பஞ்சுபோலத் தூசி ஒட்டியது. அந்தப் பட்டன்களை மனிதக் கை தொட்டதே இல்லை.

“மாஸ்ட்ரோ,” என்றாள், வெல்லமாக. “அறிக்கையைப் போட்டுடலாம். ஆனா ஜனங்க பாமரங்க. சாதாரணத் திரையிலயும் எல்லாம் தெரியுதுன்னு நீங்களே விளையாடிக் காட்டினா, படம் பிடிச்சுக் கூடவே போட்டுடறேன்.”

“தாராளமா.”

தன் மேஜைத் திரையைக் கடையிலிருந்து வந்த அளவுக்கே திருப்பிவைத்தாள். லஸ்கானோ உட்கார்ந்தார். சுரங்க வாசல் வந்தது. அதாவது, வந்திருக்க வேண்டும். திரையில் கறுப்புதான் இருந்தது. பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. மாஸ்ட்ரோ எங்கேயோ முட்டிக்கொண்டார், ஏதோ குழியில் விழுந்து செத்தார், மறுபடி தொடங்கினார். சுரங்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். பேசிக்கொண்டே இடதுகை மெல்ல நீண்டு திரையின் அடிவிளிம்புக்குப் போனது. பார்க்காமலே மூன்றாவது பட்டனைக் கண்டுபிடித்தது. அமுக்கியது. அமுக்கிக்கொண்டே இருந்தது.

நல்ல கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுரங்கம் தெரிந்தது. உப்புப் பாறைகள் பளபளத்தன.

“பாத்தீங்களா?” என்றார் லஸ்கானோ.

“பாத்தோம்,” என்றாள் கிரிசெல்டா.

லஸ்கானோ தன் கையைப் பார்த்தார். அது இன்னும் அங்கேயே இருந்தது.

“ஒல்லிக்குக் கண் கூசினது அழுகையால இல்ல, ரமிரோ. அவன் திரை நூத்துக்கு நூறுல இருக்கு. வெள்ளிக்கிழமை அப்படி இல்ல, அதான் இன்னிக்குக் கூசுது. சனிக்கிழமை வந்தவர் பட்டைகளை அழிச்சிருக்கார். விளையாட்டு ஓடுதான்னு பாத்திருக்கார். ஒண்ணும் தெரியல. பழக்கதோஷம், திரையோட பட்டனை அமுக்கிட்டார், திருப்பி வைக்க மறந்துட்டார். உங்க பட்டன்ல தூசி, ஒல்லியோட கண்ணு அந்த வெளிச்சத்தைத் தாங்காது. சாவி வச்சிருக்கிற மூணு பேர்ல மிச்சம் யாரு?”

“அது அனிச்சையா பண்றது,” என்றார் லஸ்கானோ. குரலில் மாஸ்ட்ரோவைக் காணோம். “எல்லாரும் பண்றதுதானே.”

“அதைத்தான் ஜனங்களும் கேக்கறாங்க. நீங்க கூட்டிக்கலாம், அவங்க கூட்டிக்கக் கூடாதா? போதாததுக்கு, பொறக்கப்போற குழந்தையோட சோத்துல வேற கை வச்சீங்க.”

ரமிரோ தொண்டையைச் செருமினார். “ஒல்லி, அந்தப் பட்டைகளைத் திருப்பி வைக்க எவ்வளவு நேரமாகும்?”

“மத்தியானத் தூக்கத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்.” ஒல்லி நாற்காலியை இழுத்துப் போட்டான். முதல் வேலையாகத் தன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தான்.

லஸ்கானோ எழுந்திருக்கப் பார்த்தார். கிரிசெல்டா அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள். கொர்தோபாக்காரரின் புகாரைத் திறந்து, விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களே பதில் எழுதுங்க. கீழே உங்க பேரைப் போடுங்க. எழுத்தைப் பெருசா வைங்க, பாவம், கண்ணு தெரியாதவர்.”